கோம்பை வழியாக ஆஸ்பத்திரிக்கு

எங்கள் தெருவில் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். நான் போன வெளிநாடு கேரளா. தேனியிலிருந்து காலையில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம். எங்களுக்கு ஒன்றரை நாள் ஆனது. ரோடு நன்றாகத்தான் இருந்தது. வழியில் சொந்தக்காரர்கள் அதிகம்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஜெயசீலன். தேனி பஜாரில் ஸ்கூல் பை, குடை, சிலேட்டு விற்கிற கடை வைத்திருக்கிறார். அது பகல் வேலை. அவருடைய உண்மையான வேலை ஜெபம். சபையில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இவர் போய்த் தலைமாட்டில் நிற்பார். தலையில் கையை வைத்தால் முக்கால் மணி நேரத்துக்குக் கை இறங்காது. அல்லிநகரத்தில் ஒரு நோயாளி இவர் செருப்புச் சத்தம் கேட்டதும் தூங்குகிறது போலக் கண்ணை மூடிக்கொள்வார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். நான் இவரிடம் சொல்லவில்லை. சொல்லியும் பிரயோஜனம் இல்லை. தூங்குகிறவர்களுக்கு இன்னும் சத்தமாக ஜெபிப்பார்.

நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன். பெண்கள் கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு ஜெபம் செய்வார்கள். என் முறை வரும்போது எனக்கு இருமல் வரும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக அதே இருமல். அந்த இருமல் குணமாக யாரும் ஜெபித்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் தொண்டை கெட்டுப்போனது அவருக்கு.

மூன்று மாதமாகக் குரல் கரகரத்தது. தேனி டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் என்று வந்தது. கேரளாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும், புதன்கிழமை ஆபரேஷன். அது தவறினால் அந்த ஆபரேஷன் டாக்டர் இரண்டு வாரம் ஊரில் இருக்க மாட்டார். "அதுக்குள்ள பரவிருச்சுன்னா, குரல் போறது பெரிய விஷயமா இருக்காது. அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார். பேசாமல் இருக்கக் கடையிலிருந்தே ஒரு பிளாஸ்டிக் சிலேட்டு எடுத்துக்கொண்டோம். எழுதிவிட்டு மேல்தாளைத் தூக்கினால் அழிந்துவிடும். பிள்ளைகள் விளையாடுகிற சாமான்.

முதல் நாள், திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஐந்தரைக்கே சபையார் இருபது பேர் வீட்டில் கூடிவிட்டார்கள். செயலாளர் ஆரம்பித்தார். "ஆண்டவரே, நீர் எல்லாம் அறிந்தவர்" என்றார். அப்புறம் ஒன்றுமே அறியாதவருக்குச் சொல்கிற மாதிரி ஸ்கேன் ரிப்போர்ட் முழுவதையும் ஒப்பித்தார். இடது பக்கமா வலது பக்கமா என்று ஓர் இடத்தில் அவருக்கே சந்தேகம் வந்து, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் இடது பக்கம் கையைக் காட்டினேன். "இடது பக்கம், கர்த்தாவே" என்று தொடர்ந்தார். அவருக்கு அப்புறம் ஏழு பேர் ஜெபித்தார்கள். காப்பி நான் போட்டேன். கிளம்பும்போது மணி எட்டு.

வேன் ஓட்டினவர் பாண்டி. எங்கள் பஜாரில் சரக்கு இறக்குகிற வண்டியும் இவரே ஓட்டுவார். வாசலில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தவர், வீரபாண்டி தாண்டியதும் கேட்டார்: "ஏங்க்கா, எங்க கோயில்ல பூசாரி தேங்காய ஒடைச்சா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். ஒங்களுக்கு எத ஒடைச்சா முடியும்?"

"ஆமென்னு சொன்னா முடியும்."

"அத யாரு வேணும்னாலும் சொல்லலாமா?"

ஜெபிக்கிறவர் முடிப்பார், மற்றவர்கள் கூடச் சொல்வார்கள். அப்படித்தான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னமனூரில் சாரா மதினி வீடு. என் வீட்டுக்காரரின் அக்கா. அவரையும் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஏற்றிக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும் என்று நினைத்தேன். உள்ளே இட்லி, ஆட்டுக்கறிக் குழம்பு, கேசரி, அக்கம்பக்கத்துச் சபையார் ஒன்பது பேர். தம்பிக்குக் கஞ்சி தவிர எதுவும் இறங்காது என்பது மதினிக்குத் தெரியும். ஆனாலும் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு வீட்டில் கறி எடுக்காமல் இருக்க முடியுமா? அவர் கஞ்சி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்தார். ஒன்பது பேரும் அவருடைய தொண்டைக்காக ஜெபித்துவிட்டு, அந்தக் குழம்பில் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்கள்.

மதினி இரண்டு பை, இரண்டு பிளாஸ்க், ஒரு முறுக்கு டின்னோடு ஏறினார். வேன் நகர்ந்ததும் போனை எடுத்துச் சபை வாட்ஸ்அப்பில் பேச்சுப் பதிவு போட்டார்: "ஸ்தோத்திரம். தம்பி சந்தோசமா இருக்காக. இட்லி சாப்பிட்டாக." தம்பி சிலேட்டில் "கஞ்சி" என்று எழுதிக் காட்டினார். மதினி பார்க்கவில்லை.

உத்தமபாளையம் வந்தது. நேராகப் போனால் கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், மலை. அங்கே மதினி, "பாண்டி, வலதுபக்கம் திருப்பு. கோம்பைக்குப் போயிட்டுப் போவோம்" என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பத்தரை. "மதினி, நாலு மணிக்குள்ள..." என்று ஆரம்பித்தேன்.

"தானியேல் அண்ணன்கிட்ட சொல்லாம போனா அண்ணன் சாகுறவரைக்கும் பேசமாட்டாக. நீ சொல்லுவியா பதிலு?"

நான் எங்கே பதில் சொல்லப்போகிறேன்?

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, வழியில் இருக்கிற பெரியவர்கள் வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது. நிறுத்தி, இறங்கி, கை வைத்து ஜெபித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கல்யாணத்துக்குக் கூப்பிடாவிட்டால் மன்னித்துவிடுவார்கள். கான்சருக்குக் கூப்பிடாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். இந்த வழக்கத்தை இவ்வளவு கெட்டியாக வளர்த்ததில் என் வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு. எத்தனை நோயாளிகளின் வேனை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறார்! அதெல்லாம் ஞாபகம் வந்ததோ என்னவோ, கோம்பை ரோட்டில் அவர் முகம் சரியாக இல்லை.

தானியேல் அண்ணன் இவருடைய பெரியப்பா மகன், ஓய்வுபெற்ற வாத்தியார். எந்த ஜெபத்தையும் ஆதாமிலிருந்து ஆரம்பிப்பார். நடுவில் நிறுத்தினால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார் என்ற பயத்தில் யாரும் நிறுத்துவதில்லை. அவர் வீட்டில் செவலை நிறத்தில் ஒரு கோம்பை நாய் இருக்கிறது. பெயர் சிம்சோன். யார் வந்தாலும் சங்கிலியை இழுத்துக்கொண்டு பாயும். ஆனால் ஜெபத்தின்போது மட்டும் கால்மேல் தலையை வைத்துப் படுத்திருக்கும். தினமும் குடும்ப ஜெபம் முடிந்த பிறகுதான் அதற்குச் சோறு வைப்பார்கள். அதனால் "ஆமென்" காதில் விழுந்ததும் எழுந்து வாலை ஆட்டும். சபையில் அத்தனை கவனமாக ஜெபத்தைக் கேட்கிற ஆள் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

அன்றைக்குச் சிம்சோன் எழுந்தபோது மணி பன்னிரண்டரை. அதற்கு மேல் சாப்பாடு. கோம்பையை விட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினோம்.

கம்பம் வரைக்கும் பாண்டி பறந்தார். திராட்சைப் பந்தல்கள் இரண்டு பக்கமும் பச்சையாக ஓடின. லோயர் கேம்ப்பில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். மேலே வளைவில் லாரி ஒன்று குறுக்கே சாய்ந்து கிடக்கிறதாம். சாயங்காலம் வரை பாதை கிடையாது. மலையிலிருந்து கரண்ட் எடுக்கத் தண்ணீர் கொண்டுவருகிற பெரிய குழாய்களுக்குக் கீழே வரிசையாக வண்டிகள் நின்றன. ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்கள் ஜீப்பிலிருந்து இறங்கி நிழலில் சோற்றுத் தூக்கைத் திறந்தார்கள்.

லாரி எப்போது சாய்ந்தது என்று பாண்டி விசாரித்தார். ஒன்றரை மணிக்கு.

மதினி கையைத் தூக்கிவிட்டார். "பாத்தியா கிரேஸு! அண்ணன் வீட்டுல ஒக்காந்து ஜெபிக்கலேன்னா அந்த லாரி நம்ம மேல விழுந்திருக்கும். கர்த்தர் காப்பாத்திருக்காரு!"

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் அந்த லாரி சாயும்போது நாங்கள் ஆஸ்பத்திரிக் கேண்டீனில் மோர் குடித்துக்கொண்டிருந்திருப்போம். அது அவ்வளவு தூரம் வந்து எங்கள் மேல் விழ வாய்ப்பில்லை. இதைச் சொல்ல வாய் வரவில்லை. மதினி அதற்குள் வாட்ஸ்அப்பில் அற்புத சாட்சி போட்டுவிட்டார். பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் மலையாளத்தில் சொன்னது இது: "நாளை மத்தியானம் பன்னிரண்டு வரை அந்தக் கட்டிலை வைத்திருப்போம். அதற்குப் பிறகு அடுத்த ஆளுக்கு." வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிலேட்டில் ஏதோ எழுதி, எனக்குக் காட்டாமல் அழித்தார்.

பாதை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் போனில், "இங்கன வந்து படுங்க, காலைல போகலாம்" என்றார். திரும்பவும் கோம்பை.

இரண்டாம் நாள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் போய்விடலாம், ஆறரை தாண்டினால் சந்தேகம் என்று பாண்டி சொல்லியிருந்தார். நான் ஐந்து மணிக்கே குளித்துப் பையைக் கட்டி வாசலில் வைத்தேன். உள்ளே திரும்பினால் கூடத்தில் பாய் விரித்துக் கோம்பைச் சபையே உட்கார்ந்திருந்தது. பதினெட்டுப் பேர். அண்ணன் நடு நாற்காலியில் தம்பியை உட்காரவைத்துத் தலையில் கையை வைத்திருந்தார்.

"ஆதாமை மண்ணினால் உருவாக்கின தேவனே..."

சுவரில் வசனக் காலண்டருக்குக் கீழே கடிகாரம். ஐந்து ஐம்பதுக்கு நோவா பேழைக்குள் போனார். ஆறு பத்துக்குத்தான் வெளியே வந்தார். ஆறே காலுக்கு ஆபிரகாம். வாசலில் பாண்டி ஒரு தடவை ஹாரன் அடித்தார். அண்ணன் குரலை உயர்த்தினார்.

நான் தூண் ஓரமாக நின்றிருந்தேன். கண்ணை மூட முடியவில்லை. அப்போதுதான் பார்த்தேன், என் வீட்டுக்காரர் மடியிலிருந்த சிலேட்டை எடுத்து எழுதினார். இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"போகணும்."

பதினெட்டுப் பேரும் கண்ணை இறுக மூடியிருந்தார்கள். அவர் சிலேட்டை இடது பக்கம் திருப்பிக் காட்டினார். வலது பக்கம் திருப்பிக் காட்டினார். மேல்தாளைத் தூக்கி அழித்துவிட்டு இன்னும் பெரிதாக எழுதினார். "நேரமாச்சு." சாரா மதினி கண்ணீர் வழிய, கண்ணைத் திறக்காமல், "கேளும் ஆண்டவரே, கேளும்" என்றார். சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது நானும் சிம்சோனும் மட்டும்தான். ஊருக்கெல்லாம் முக்கால் மணி நேரம் ஜெபித்த மனுஷன், நாற்காலியில், தலையில் ஒரு கையோடு, குழந்தைகள் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா, இன்றைக்கும் தெரியவில்லை.

அண்ணன் மூச்சு வாங்கினார். "எகிப்திலே யோசேப்பை..."

"ஆமென்!"

என் குரல்தான். எனக்கே யாரோ மாதிரி கேட்டது.

பதினெட்டுப் பேரும் பழக்கத்தில் "ஆமென்" என்றார்கள். சிம்சோன் எழுந்து வாலை ஆட்டியது. அண்ணன் மனைவி அதன் சோற்றுச் சட்டியை எடுக்க உள்ளே போய்விட்டார். பாய்கள் சுருண்டன. அண்ணன் மட்டும் யோசேப்போடு அங்கேயே நின்றார்.

"யாருடி அது சொன்னது?" என்றார் மதினி.

"நேரமாச்சு மதினி" என்று சொல்லி, இவர் கையைப் பிடித்து எழுப்பினேன். தலைமேல் இருந்த அண்ணன் கை தானாக வழுக்கி இறங்கியது.

"ஏத்தா கிரேஸு," என்றார் அண்ணன், கோபத்தைவிட ஆச்சரியமாக, "ஒனக்குப் பேச்சு வருமா?"

வேனில் ஏறினதும் பாண்டி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "அப்ப யாரு வேணும்னாலும் சொல்லலாம்போல" என்று சொல்லி கியரைப் போட்டார். மணி ஆறு இருபத்தைந்து.

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது லாரி ஓரமாக நகர்த்தப்பட்டிருந்தது. மதினி அதற்கு ஒரு ஸ்தோத்திரம் சொன்னார். என்னோடு பேசவில்லை. வளைவுகளில் காது அடைத்தது. குமுளியில் சோதனைச் சாவடி, சிப்ஸ் கடைகள், ஏலக்காய் வாசனை. மதினிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடி டம்ளரில் நீளமாக ஆற்றித் தருகிறார்கள். எங்கள் ஊர் டீயில் பாதிப் பாலும் இல்லை, ஆனால் இரண்டு மடங்கு சூடு. மதினி வாயைச் சுட்டுக்கொண்டு, "கர்த்தாவே" என்றார். அவர் இரண்டு நாளில் செய்ததிலேயே சின்ன ஜெபம் அதுதான். மனதாரச் செய்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

இவர் என் முழங்கையை இடித்தார். சிலேட்டில் எழுதியிருந்தது: "நான் ஜெபிக்கும்போது இப்படிச் சொல்ல நினைத்ததுண்டா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். சிலேட்டை வாங்கி எழுதினேன்: "இருபத்தாறு வருஷமாக."

அவர் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரித்தார். சிரிக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேயிலைத் தோட்டம் முடிகிறவரை அந்த எழுத்தை அழிக்காமல் மடியில் வைத்திருந்தார்.

பதினொன்று ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வாசல்.

மூன்றாம் நாள் காலை. ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே அவரைச் சக்கரக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். மதினி தேனிச் சபையோடு வீடியோவில் ஜெபிக்கலாம் என்று போனை நிமிர்த்தினார். நர்ஸ் சின்னப் பெண், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. "இங்கே போன் கூடாது அம்மா" என்று மலையாளத்தில் சொல்லி, மதினியை வெளி வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு வந்தாள். எத்தனை தானியேல் அண்ணன்களைப் பார்த்திருப்பாளோ.

இவர் சிலேட்டைக் கேட்டார். "நீ ஜெபி" என்று எழுதினார்.

எனக்கு இருமல் வந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் இருமல் ரொம்ப நேரம் நிற்கவில்லை. அவர் தலையில் கை வைக்கத் தோன்றவில்லை. பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்றிருந்தது.

"ஆண்டவரே, இவரை எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க. கொரலு இல்லாட்டியும் பரவால்ல. ஆமென்."

நர்ஸ் காத்திருந்தாள். "முடிந்ததா?" என்றாள்.

"முடிஞ்சுது."

"எல்லாரும் உங்களைப் போல இருந்தால் எங்கள் வேலை சீக்கிரம் முடியும்" என்று சொல்லிக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாள். கதவு மூடின பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. அவரைக் கேட்காமல் அவர் குரலை விட்டுக்கொடுத்துவிட்டேன். அந்த மனுஷனிடம் இருந்த ஒரே சொத்து அது. நாலரை மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்து, அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று யோசித்தேன். பக்கத்தில் மதினி முறுக்கு டின்னை என் பக்கம் தள்ளினார். மூன்று நாளில் அவர் எனக்காகச் செய்த நல்ல காரியம். இரண்டு பேரும் ஆளுக்கொன்று கடித்தோம்.

கட்டி முழுவதும் வெளியே வந்துவிட்டது என்றார் டாக்டர். பரவவில்லை. தொண்டையில் சத்தம் எழுப்புகிற இரண்டு நாண்களில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். இனி காற்றுக் குரல்தான் வரும், பலத்த சத்தம் வராது.

நான் வீட்டுக்காரரிடம் ஒப்புக்கொண்டேன். "நான்தாங்க கொரலு வேணாம்னு சொல்லிட்டேன்."

அவர் சிலேட்டை எடுத்தார். "நீ ஜெபித்ததைக் கேட்டேன்." அழித்தார். யோசித்து எழுதினார்: "கடைக்காரன் பொண்டாட்டி. பேரம் படியும்."

பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பினோம். தேனியில் சங்கிலி ஜெபம் நடந்ததாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு குடும்பம் என்று இரவு பகலாக. ஆபரேஷன் நேரத்தில் யார் முறை என்பதில் இரண்டு குடும்பத்துக்குச் சண்டை வந்து, இப்போது ஒரே பெஞ்சில் உட்காருவதில்லையாம். இவர் பிழைத்தது தங்கள் ஜெபத்தால் என்று சின்னமனூர்க்காரர்கள் சொல்கிறார்கள். லாரியே சாட்சி என்று கோம்பைக்காரர்கள் சொல்கிறார்கள். அந்த டாக்டர் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை.

கோம்பையைத் தாண்டிப் போக முடியாது. நன்றி ஜெபம். அதே கூடம், அதே பாய்கள், அதே பதினெட்டுப் பேரோடு இன்னும் நாலு பேர். தானியேல் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏத்தா, இன்னைக்கு அவசரமில்லைல்ல?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் தூணுக்குப் போனேன்.

"ஆதாமை மண்ணினால் உருவாக்கின தேவனே..."

என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. அவருக்குப் பசி நேரம், கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நோவா பேழையில் ஏறினார், இறங்கினார். ஆபிரகாம் கிளம்பினார். அப்போது இவர் வாய் அசைந்தது.

"ஆமென்."

சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். இருபத்திரண்டு பேரில் ஒருவர் காதிலும் விழவில்லை. சிம்சோன் ஒரு காதை மட்டும் தூக்கியது, படுத்தே கிடந்தது. அவர் இன்னொரு தடவை முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுதான் வந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

நான் அவருக்காகச் சொன்னேன். சிம்சோன் எழுந்தது.